ஸ்ட்ராபெர்ரி நாற்று: முதல் ஆறு வாரம் வேருக்கும் குருத்துக்கும்

கோத்தகிரி வந்தபோது பத்து ஸ்ட்ராபெர்ரி நாற்று வாங்கிப் போய், அக்டோபர் கடைசியில் கோவையில் உங்கள் வீட்டு மொட்டை மாடியில் நட்டதாகச் சொல்லியிருக்கிறீர்கள். இரண்டே வாரத்தில் மூன்று நாற்று நடுவில் கறுத்துச் சாய்ந்துவிட்டது. மீதி ஏழில் இரண்டு பூத்திருக்கிறது. சில இலைகளின் ஓரம் கருகுகிறது. என்ன உரம் போட்டால் பிழைக்கும், பூவை விட்டுவைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

உரம் இப்போது வேண்டாம். பூவை இன்றைக்கே கிள்ளிவிடுங்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. ஏழு தொட்டியையும் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, குருத்து மண்ணுக்குள் புதைந்திருக்கிறதா என்று கவனியுங்கள்.

நான் கோத்தகிரியில் வீட்டுக்குப் பின்னால் இரண்டு படிக்கட்டு நிலத்தில் பதினான்கு வருடமாக ஸ்ட்ராபெர்ரி வைத்திருக்கிறேன். என்னிடம் நாற்று வாங்கிப் போகிறவர்கள் இழக்கும் செடிகளில் பெரும்பாலானவை பூச்சியாலோ நோயாலோ போவதில்லை. நடவு ஆழத்தாலும் தண்ணீராலும்தான் போகின்றன. இரண்டையும் சரி செய்ய முடியும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

குருத்து என்று நான் சொல்வது எது என்றால், இலைக்காம்புகள் எல்லாம் ஒன்றுசேரும் இடத்தில் குட்டையாக, கட்டை மாதிரி ஒரு தண்டு இருக்கும். கட்டைவிரல் நகம் அளவுகூட இருக்காது. கிரவுன் என்று நர்சரிக்காரர்கள் சொல்வார்கள். ஸ்ட்ராபெர்ரிச் செடியின் உயிர் முழுக்க அந்தச் சின்னக் கட்டையில்தான் இருக்கிறது. இலை, பூங்கொத்து, ஓடுதண்டு, புது வேர் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்பும். வெளி இலைகள் அத்தனையும் காய்ந்தாலும் அது நன்றாக இருந்தால் செடி மீண்டுவரும். அது அழுகிவிட்டால், மேலே நாலு இலை பச்சையாக நின்றாலும் நாலு நாளில் முடிந்துவிடும்.

அந்தக் கட்டையின் பாதிக்குமேல் மண் ஏறக்கூடாது. வேர் முழுக்க மண்ணுக்குள்ளும், இளம் இலை மடிந்து வெளிவரும் நுனி மண்ணுக்கு மேலும் இருக்கவேண்டும். கீழே போனால் அழுகும். ரொம்ப மேலே நின்றால் வேரின் தோள் வெயிலில் காய்ந்து, புது வேர் மண்ணைத் தொடாமலேயே நின்றுபோகும். முதல் வருடம் எனக்கு இது தெரியாது. தக்காளி நாற்றை ஆழமாக நட்டால் தண்டிலேயே வேர் விட்டுப் பலமாகும் அல்லவா, அதே கைப்பழக்கத்தில் 40 நாற்றையும் ஆழமாக நட்டேன். ஐப்பசி மழை தொடங்கிய மூன்று வாரத்தில் 18 செடி போயிற்று. நோய் என்று நினைத்து மருந்து தேடி அலைந்தேன். பக்கத்து எஸ்டேட்டில் வேலை பார்த்த ஒரு பெரியவர் வந்து ஒரு செடியைப் பிடுங்கி, குருத்தை நீளவாக்கில் பிளந்து காட்டியபோதுதான் புரிந்தது.

நீங்களும் அப்படிப் பாருங்கள். செத்துப்போன மூன்றில் ஒன்றை எடுத்துக் குருத்தைக் கத்தியால் இரண்டாகப் பிளங்கள். நல்ல குருத்து உள்ளே வெள்ளையாக, முள்ளங்கித் துண்டு மாதிரி இருக்கும். செம்பழுப்பாகவோ கறுப்பாகவோ இருந்தால் அழுகல். நடு இலையை லேசாக இழுத்ததுமே கையோடு வந்துவிட்டாலும் அதே கதைதான்.

நட்டபோது சரியாகத்தான் நட்டேன் என்று நீங்கள் சொல்லலாம். இருக்கலாம். ஆனால் தொட்டியில் ஒரு விஷயம் நடக்கும். தென்னைநார்க் கழிவும் மண்புழு உரமும் கலந்த கலவை முதல் சில தண்ணீரிலேயே இரண்டு மூன்று செ.மீ. இறங்கும். நாற்றும் கூடவே இறங்கும். பிறகு நாம் மேலே ஊற்றும் தண்ணீர் சுற்றியுள்ள மண்ணை அடித்துக்கொண்டுவந்து குருத்தின்மேல் படியவைக்கும். அதனால் நட்ட ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை பார்ப்பது கட்டாயம். புதைந்திருந்தால், முதலில் தொட்டியை நன்றாக நனையுங்கள். ஒரு மணி நேரம் கழித்துப் பெரிய கரண்டியை வேர்க்கட்டுக்கு அடியில் விட்டு மண்ணோடு தூக்கி, அடியில் கலவை போட்டு மறுபடி உட்காரவையுங்கள். வேரை உதறாதீர்கள். குருத்தின்மேல் இருக்கும் மண்ணைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தள்ளிவிட்டால் போதும்.

அடுத்தது தண்ணீர். இலையோரம் கருகுவதைப் பற்றி நீங்கள் ஒரு வரியில்தான் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் பெரிய தடயம். காய்கறி, பழச் செடிகளில் உப்பைக் கொஞ்சமும் தாங்காதவை என்று ஒரு பட்டியல் போட்டால், ஸ்ட்ராபெர்ரி அதில் முன்வரிசையில் வரும். தக்காளிக்கும் வெண்டைக்கும் பழகிய போர்த் தண்ணீர் இதற்கு ஆகாது. ஒரு நல்ல ஸ்ட்ராபெர்ரிச் செடியை விடியற்காலையில் பாருங்கள். இலையின் பல் பல்லான ஓரத்தில் ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு நீர் முத்து நிற்கும். பனித்துளி என்று நினைப்போம். அது வேர் இரவில் இழுத்த தண்ணீர், ஓரத்தின் வழியாக வெளியே வருவது. வேர் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. ஆனால் தண்ணீரில் உப்பு இருந்தால், போகும் வழியில் அதுவும் இலையோரத்தில்தான் போய்ச் சேரும். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். அதனால்தான் கருகல் எப்போதும் ஓரத்தில் ஆரம்பித்து உள்ளே வருகிறது.

நல்ல தண்ணீருக்காக இந்தச் செடி பட்ட பாட்டுக்கு ஒரு சரித்திரமே உண்டு. இன்று நாம் சாப்பிடும் பெரிய பழ ஸ்ட்ராபெர்ரி, சிலி நாட்டுச் செடியும் வட அமெரிக்க வர்ஜீனியச் செடியும் 18ஆம் நூற்றாண்டில் பிரான்சில் கலந்து உண்டானது. சிலிச் செடியைக் கொண்டுவந்தவர் அமெதே ஃப்ரான்ஸ்வா ஃப்ரெஸியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர். 1714இல் கப்பலில் மாதக்கணக்கான பயணம். குடிதண்ணீருக்கே தட்டுப்பாடு. ஐந்து செடிதான் பிழைத்தது. அவற்றுக்கு நல்ல தண்ணீர் கொடுத்து உதவிய கப்பல் அதிகாரிக்கு இரண்டைக் கொடுத்துவிட்டார். கடல் நடுவே குடிக்கிற தண்ணீரைப் பங்குபோட்டு வளர்த்த செடியின் வம்சம்தான் உங்கள் மாடியில் இருப்பது.

உங்களுக்கு அந்தச் சிரமம் இல்லை. வீட்டுக்குச் சிறுவாணித் தண்ணீர் வருகிறது என்றால் அதையே ஒரு குடம் பிடித்து வைத்துக் கொடுங்கள், ஏழு செடிக்கு அது தாராளம். மழைநீர் பிடித்துவைத்தால் இன்னும் நல்லது. ஏ.சி. யிலிருந்து சொட்டும் தண்ணீரும் பரவாயில்லை, அதில் உப்பு கிடையாது. ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் தண்ணீரை மட்டும் ஊற்றவே ஊற்றாதீர்கள். வீணாகிறதே என்று பலர் செடிக்கு விடுகிறார்கள். உப்பை எல்லாம் திரட்டி வெளியே தள்ளும் தண்ணீர் அது.

இதுவரை போர்த் தண்ணீர்தான் ஊற்றினீர்கள் என்றால் ஒருமுறை தொட்டியைக் கழுவவேண்டும். நல்ல தண்ணீரை மெதுவாக, தொட்டியின் கொள்ளளவில் இரண்டு மடங்கு, கீழ் ஓட்டை வழியாக ஓடும்படி ஊற்றுங்கள். அன்றைக்கு மட்டும் அப்படி. நார்க்கழிவுக் கட்டியைக் கழுவாமல் போட்டிருந்தாலும் இதே வைத்தியம்தான், ஏனென்றால் அதில் இயல்பாகவே உப்பு இருக்கும். அடுத்த முறை வாங்கும்போது வாளியில் ஊறவைத்துப் பிழிந்து, வடியும் தண்ணீர் வெளுக்கும்வரை மூன்று நான்கு தடவை அலசிவிட்டுக் கலக்குங்கள். கருகிய இலை மறுபடி பச்சையாகாது. புதிதாக வரும் இலையின் ஓரம் சுத்தமாக இருந்தால் சரியாகிவிட்டது என்று அர்த்தம்.

ஊற்றும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காலையில், செடியின் தலைமேல் அல்லாமல் தொட்டியின் ஓரமாக ஊற்றுங்கள். இந்தச் செடியின் வேரில் பெரும்பகுதி மேல் 15 செ.மீ. மண்ணுக்குள்தான் இருக்கும், அதனால் மேல்மண் சுக்காகக் காயவிடக்கூடாது. விரலை ஒரு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அன்று வேண்டாம். கோவையில் நவம்பர் மழை நாட்களில் தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள்.

சரி, பூ விஷயத்துக்கு வருகிறேன். பூவைக் கிள்ளச் சொன்னால் யாருக்கும் மனசு வராது. நட்ட பத்தாம் நாளே வெள்ளைப் பூ சிரித்துக்கொண்டு நிற்கும்போது அதைக் கிள்ளுவது எனக்கும் இன்றுவரை கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பூ உங்கள் தொட்டியில் உருவானது அல்ல. நர்சரியில் இருந்தபோதே, மலைக் குளிரில் குருத்துக்குள் மொட்டு கட்டிவிட்டது. செடி அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உங்கள் வீட்டுக்கு வந்தது. வேர் இன்னும் புது மண்ணில் பிடிக்கவில்லை. இந்த நிலையில் காய் பிடித்தால் இருக்கும் சத்தெல்லாம் அதற்குப் போய்விடும். சுண்டைக்காய் அளவில் இரண்டு பழம் கிடைக்கும், செடி குன்றிப்போய் அப்படியே நின்றுவிடும்.

மலையில் நாங்கள் ஆறு வாரம்வரை பூவை எடுத்துவிடுவோம். உங்களுக்கு அவ்வளவு நாள் சொல்லமாட்டேன், காரணம் இருக்கிறது. சேண்ட்லர், ஸ்வீட் சார்லி, விண்டர் டான் மாதிரி இங்கே கிடைக்கும் வகைகள் எல்லாம் பகல் குறைந்து குளிர் ஏறும்போது பூ கட்டுபவை. நம் பக்கத்தில் பகல் நீளம் பெரிதாக மாறுவதில்லை. டிசம்பரில் சுமார் பதினொன்றரை மணி நேரம், ஜூனில் சுமார் பன்னிரண்டே முக்கால், அவ்வளவுதான் வித்தியாசம். ஆகவே இரவுக் குளிர்தான் இங்கே முடிவு செய்கிறது. கோவையில் அந்தக் குளிர் டிசம்பர், ஜனவரி, கொஞ்சம் பிப்ரவரி. பூ விரிந்ததிலிருந்து பழம் சிவக்க ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். மார்ச் வெயிலுக்கு முன் பழம் பறிக்கவேண்டுமானால் டிசம்பர் முதல் வாரத்துக்குமேல் கிள்ளிக்கொண்டிருக்க முடியாது. அதனால் நாள் கணக்கைவிட இலைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நட்ட பிறகு புதிதாக மூன்று நான்கு நல்ல இலை வந்துவிட்டதா, அதற்குமேல் வரும் பூவை விடலாம். நன்றாக வேர் பிடித்த செடி பத்து நாளைக்கு ஒரு இலை விடும், முன்னே பின்னே இருக்கலாம். ஒரே சமயத்தில் இரண்டு மூன்று குருத்து நுனி இருந்தால் இன்னும் வேகம். ஏழு செடியும் ஒரே நாளில் அந்த நிலைக்கு வராது. தயாரானதைப் பூக்கவிட்டு, தயாராகாததில் கிள்ளிக்கொண்டே இருங்கள்.

பூங்காம்பை இழுத்துப் பிடுங்காதீர்கள், குருத்தே கையோடு வந்துவிடும். நகத்தாலோ சின்னக் கத்தரியாலோ நறுக்குங்கள். காய்ந்த கீழ் இலைகளையும் அப்படியே.

பூவோடு கூட ஓடுதண்டும் வரும். ரன்னர் என்பார்கள். கொடி மாதிரி நீளமாக ஓடி, நுனியில் ஒரு குட்டிச் செடி வைக்கும். முதல் ஆறு வாரத்தில் அதையும் வெட்டிவிடுங்கள். அம்மா செடியே இன்னும் தேறவில்லை. ஜனவரிக்குப் பிறகு, எந்தச் செடி திடமாக இருக்கிறதோ அதில் வரும் ஓடுதண்டை மட்டும் விட்டு, முதல் குட்டியைப் பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டியில் ஊன்றி, கொண்டை ஊசியால் லேசாக அழுத்திவையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் பிடித்ததும் தொப்புள்கொடியை வெட்டலாம். இலை சுருண்ட செடியிலிருந்தும், புள்ளி விழுந்த செடியிலிருந்தும் குட்டி எடுக்கவேண்டாம்.

வெயிலைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை. மலையில் இது முழு வெயில் செடி, ஆறு மணி நேரமாவது வேண்டும். உங்கள் மாடியிலோ தரையின் சூடும் சுவரின் சூடும் சேர்ந்து தாக்கும். காலை வெயில் முழுசாகப் படட்டும். மதியம் இரண்டு மணிக்குமேல் வரும் மேற்கு வெயிலை மறையுங்கள். 50 சதவீத நிழல்வலை இருந்தால் முதல் பத்து நாள் நாள் முழுக்கக் கட்டிவைத்து, பிறகு மேற்குப் பக்கம் மட்டும் விடுங்கள். தொட்டியைச் சூடான சிமெண்டுத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்மேல் தூக்கிவையுங்கள். அப்புறம் மூடாக்கு. வைக்கோலைத் துண்டு துண்டாக நறுக்கி இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினால் ஈரம் நிற்கும், மண் தெறிக்காது, பிறகு பழம் மண்ணில் படாது. ஆனால் குருத்தைச் சுற்றி ஒரு அங்குலம் வெற்றிடம் விடவேண்டும். குருத்துக்குக் காற்று வேண்டும்.

உரம் இப்போது வேண்டாம் என்றது, எப்போதுமே வேண்டாம் என்பதற்கல்ல. புது வெள்ளை வேர் ரொம்ப மென்மையானது. நட்ட உடனே உரம் வைத்தால் அதுவும் ஒருவகை உப்புதான், வேர் நுனியைச் சுட்டுவிடும். புதிதாக இரண்டு இலை முழுசாக விரிந்த பிறகு, தொட்டிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரத்தை ஓரமாகப் போட்டுக் கிளறாமல் மூடுங்கள். பதினைந்து நாளுக்கு ஒருமுறை பஞ்சகவ்யாவை லிட்டருக்கு 30 மில்லி கலந்து தெளிக்கலாம். அதுவே போதும். பச்சைச் சாணம், கோழி எரு இரண்டும் இந்தச் செடிக்கு வேண்டாம். மக்காத சாணத்தோடு வேர்ப்புழுவும் வந்துசேரும். யூரியா போட்டால் இலை கீரை மாதிரி மதமதவென்று வளரும், பூ வராது, செஞ்சிலந்தி என்ற சாறு உறிஞ்சும் பேனுக்கு விருந்தாகும். இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் சத்து போடாத குறை என்று நினைக்காதீர்கள். மண் காரத்தன்மை ஏறி, இருக்கும் இரும்பை வேரால் எடுக்க முடியாமல் போகிறது. இந்தச் செடிக்கு மண்ணின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருந்தால் நல்லது. கோவைப் பக்கத்துப் போர்த் தண்ணீர் அதைத் தாண்டி இழுத்துக்கொண்டு போய்விடும். அதற்கும் மழைநீரும் சிறுவாணியும்தான் மருந்து.

பூச்சி என்று பார்த்தால், மாடித் தோட்டத்தில் உங்களுக்கு வரப்போவது பெரும்பாலும் செஞ்சிலந்தி. எங்கள் தேயிலைக்கும் அதன் உறவுக்காரப் பேன்தான் எதிரி. வறண்ட சூட்டில் இலைக்கு அடியில் பெருகும். இலை வெளிறி, மணல் தூவியது மாதிரிப் புள்ளி தெரிந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முதலில் காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். தொடர்ந்து இருந்தால் வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கரைய கொஞ்சம் காதி சோப்பு, சாயங்காலத்தில். நத்தை, அசுவினி எல்லாம் கையால் எடுக்கும் அளவுதான் இருக்கும்.

பூக்கவிட்ட பிறகு ஒரு வேலை. உயர்ந்த மாடிக்குத் தேனீ வராமல் போகலாம். ஸ்ட்ராபெர்ரியின் மேலே விதை மாதிரித் தெரியும் ஒவ்வொன்றும் ஒரு தனிக் கனி. மகரந்தம் சேர்ந்தால்தான் அது தன்னைச் சுற்றியுள்ள சதையை வளரச்செய்யும். பாதிக்குச் சேராவிட்டால் அந்தப் பக்கம் சூம்பி, கோணல் பழமாக வரும். காலை பத்து மணி வாக்கில் மெல்லிய ஓவியத் தூரிகையால் பூவின் நடுவே வட்டமாக இரண்டு சுற்றுத் தடவிவிடுங்கள். பூ விரிந்திருக்கும் மூன்று நாளும் செய்தால் பழம் முழுசாக வரும். காம்புவரை சிவந்த பிறகே பறியுங்கள். பறித்த பின் நிறம் கூடலாம், இனிப்பு கூடாது. கொண்டைக்குருவியும் அணிலும் அதற்கு ஒரு நாள் முன்பே வந்துவிடும், வலை போட்டுவையுங்கள்.

செத்த மூன்று செடியின் தொட்டிகளைப் பற்றிக் கடைசியாக. அந்த மண்ணில் உடனே வேறு ஸ்ட்ராபெர்ரி வைக்காதீர்கள். தக்காளி, கத்தரி, மிளகாய் வளர்த்த பழைய மண்ணும் இதற்கு ஆகாது, அவற்றைத் தாக்கும் வாடல் நோய் இதையும் தாக்கும். உருளைக்கிழங்கு எடுத்த பாத்தியில் நாங்களும் வைப்பதில்லை. மண்ணைக் கொட்டி வெயிலில் ஒரு வாரம் காயவிட்டு, வெந்தயக் கீரை தூவிவிடுங்கள். தொட்டியைக் கழுவி வெயிலில் கவிழ்த்துவையுங்கள். ஜனவரிக்குப் பிறகு ஓடுதண்டுக் குட்டிகள் வேர் பிடித்ததும் புதுக் கலவை போட்டு அந்த மூன்றிலும் வைக்கலாம். மார்ச்சில் வெயில் ஏறும்போது வளர்ந்த செடிகளைவிட அந்தக் குட்டிகளை நிழலில் காப்பாற்றி அக்டோபர்வரை கொண்டுபோவது சுலபம். குருத்தைப் பிளந்து பார்த்துவிட்டு உள்ளே என்ன நிறம் என்று எழுதுங்கள். வெள்ளையாக இருந்தால் சாவுக்குக் காரணம் வேறு, அதை வேர்ப்புழுவிலிருந்து தேடத் தொடங்கவேண்டும்.